ஜெர்மன் வீட்டில் தங்கப் போகும் சென்னைத் தன்னார்வலர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் பெரம்பூரிலிருந்து ஒரு வருடத் தன்னார்வப் பணிக்காக ஜெர்மனி போனேன். முதல் பத்து வாரம் பயிற்சி. காலையில் மொழி வகுப்பு, மாலையில் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் வீடு. திரும்பி வந்ததிலிருந்து, அடுத்துப் போகிறவர்களும் அவர்களுடைய அம்மா அப்பாவும் என்னிடம் விசா, டிக்கெட் பற்றிக் கேட்பதைவிட அந்த வீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது என்ன திட்டம்? யார் போகலாம்?

ஜெர்மன் அரசின் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைச்சகம் 2008இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘வெல்ட்வெர்ட்ஸ்’. முதலில் அந்த ஊர் இளைஞர்கள் மட்டும் இந்தியா போன்ற நாடுகளுக்கு வந்து வேலை செய்தார்கள். 2013இலிருந்து நம் பக்கத்து இளைஞர்களும் அங்கே போகிறார்கள். வயது 18 முதல் 28. முதியோர் இல்லம், மழலையர் பள்ளி, மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் போன்ற இடங்களில் வேலை இருக்கும். எல்லாரும் குடும்பத்தோடு தங்குவதில்லை. சிலருக்கு வருடம் முழுக்க ஒரே குடும்பம், சிலருக்குப் பயிற்சிக் காலம் மட்டும், சிலர் மற்ற தன்னார்வலர்களோடு அறையைப் பகிர்ந்துகொள்வார்கள். உங்களுக்கு எது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வீட்டில் நான் யார்? விருந்தாளியா, பேயிங் கெஸ்ட்டா?

இரண்டும் இல்லை. சொந்த ஊரிலிருந்து படிக்க வந்து அத்தை வீட்டில் தங்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு கழுவ வேண்டும், எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், எல்லாரும் சாப்பிட உட்காரும்போது உட்கார வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. அத்தைக்கு உங்களைக் குழந்தையிலிருந்து தெரியும், நீங்கள் வாய் திறக்காமலே பசியைக் கண்டுபிடித்துவிடுவார். இவர்களுக்கு உங்கள் பெயரையே சரியாக உச்சரிக்க ஒரு வாரம் ஆகும். அதனால் எதையும் வாய் திறந்துதான் சொல்ல வேண்டும். இது அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் அதைப் படியுங்கள்.

கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூச்சமாக இருக்குமே?

இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் நாள் இரவு பெரிய பாத்திரத்தில் பருப்பு சூப். ஒரு கிண்ணம் குடித்தேன். “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டார்கள். நம் வீட்டில் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். “போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. பாத்திரம் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டது. மூன்று நாள் இப்படியே அரை வயிறோடு படுத்தேன். நான்காம் நாள் வகுப்பில் தலை சுற்றியது. ஆசிரியை விசாரித்தபோது அழுகை வந்துவிட்டது. அன்று மாலை அவர் ஹோஸ்ட் அம்மாவிடம், அதாவது நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம், போனில் பேச, அந்த அம்மாவும் அழுதார். “நீதானே போதும் என்றாய்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் என் வார்த்தையை மதித்திருக்கிறார், அவ்வளவுதான்.

நம் ஊரில் வேண்டாம் என்பது பேச்சின் ஆரம்பம். மூன்று தடவை உபசரிப்பது வீட்டுக்காரர் மரியாதை, இரண்டு தடவை மறுப்பது வந்தவர் மரியாதை. அங்கே ஒரே தடவைதான் கேட்பார்கள், நீங்கள் சொன்ன பதில்தான் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்ற ஒருவரை மறுபடி வற்புறுத்துவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. இது அன்பில்லாமை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

இதில் மொழிச் சிக்கலும் ஒன்று இருக்கிறது. எதையாவது நீட்டும்போது ‘டாங்கெ’, அதாவது நன்றி என்று மட்டும் சொன்னால், ‘வேண்டாம், நன்றி’ என்று பொருள் கொள்வார்கள். வேண்டும் என்றால் ‘யா, பிட்டெ’ என்று சொல்லுங்கள். இந்த இரண்டு சொற்களை விமானம் ஏறும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள். இன்னொரு போர்வை, அறையில் ஹீட்டரைக் கூட்டுவது, ஒரு நாள் தனியாக இருக்க ஆசை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கேட்டால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் முகத்துக்கு நேரே காரணம் சொல்வார்கள். அந்த ‘முடியாது’ என்பதிலும் கோபம் இருக்காது.

அவர்களை எப்படிக் கூப்பிடுவது? ஆன்ட்டி, அங்கிள் என்று சொல்லலாமா?

பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அறுபது வயதுக்காரராக இருந்தாலும் அப்படித்தான். எனக்கு இது, பின்னால் சொல்லப்போகும் குளியலறைப் பழக்கத்தைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது. இரண்டு வாரம் பெயரே சொல்லாமல் பக்கத்தில் போய் நின்று பேசிச் சமாளித்தேன். ஆன்ட்டி என்றால் அவர்களுக்குப் புரியாது, தனக்கு வயதாகிவிட்டது என்று சொல்கிறீர்களோ என்றுகூட நினைக்கலாம்.

ஜெர்மனில் நம் ‘நீ’, ‘நீங்கள்’ போலவே ‘டு’, ‘ஸீ’ உண்டு. ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. வீட்டுக்குள் பெரியவர், சின்னவர் எல்லாரும் ‘டு’. தாத்தாவுக்கும் ‘டு’தான். தெரியாதவர், அலுவலகத்தில் இருப்பவர், டாக்டர், கடைக்காரர் எல்லாம் ‘ஸீ’. பக்கத்து வீட்டுப் பெரியவரை ‘ஸீ’ என்றே ஆரம்பியுங்கள். ‘டு’ என்று சொல்லலாம் என்று அவர்தான் முதலில் சொல்ல வேண்டும். நம்மிடம் நெருக்கம் வந்தாலும் அம்மாவின் தோழியை நீ என்று சொல்ல மாட்டோம். அங்கே நெருக்கம் வந்தால் சொல்வதுதான் மரியாதை.

எவ்வளவு ஜெர்மன் படித்துவிட்டுப் போக வேண்டும்?

உங்களை அனுப்பும் அமைப்பைப் பொறுத்துக் கேட்பது மாறும். என் கருத்து, ஏ1 என்ற தொடக்க நிலையை இங்கேயே முடித்துவிடுங்கள். நுங்கம்பாக்கம் ரட்லேண்ட் கேட்டில் இருக்கும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டில், நம்மவர்கள் மாக்ஸ் முல்லர் பவன் என்று சொல்லும் அதே இடத்தில், வகுப்பும் தேர்வும் நடக்கின்றன. ஆங்கிலம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹோஸ்ட் அப்பா அம்மா ஆங்கிலம் பேசலாம். ஆனால் பாட்டிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியாது, வீட்டில் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருப்பது அவர்கள் இரண்டு பேருக்கும்தான்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

இல்லை. ஜெர்மனியில் சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறைய. சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலத்தின் மேலேயே எழுதியிருக்கும். ஆனால் அவர்கள் சொல்லும் சைவத்தில் முட்டை உண்டு. ஜெல்லி மிட்டாய்களில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம், சில சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும். உங்களுக்கு எது வரை ஆகும் என்பதைக் கிளம்பும் முன்பே மெயிலில் தெளிவாக எழுதிவிடுங்கள். ‘முட்டை சாப்பிடுவேன், மீன் வேண்டாம்’ என்று பொருள் பொருளாக. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், பன்றி இறைச்சியும் மதுவும் தொடாதவர்களும் அப்படியே. சில கேக்குகளில் ரம் ஊற்றுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவத்தைவிட இரவுச் சாப்பாடுதான் நம்மை வாட்டும். பல வீடுகளில் மதியம்தான் சூடான சாப்பாடு. இரவில் ‘ஆபெண்ட்ப்ரோட்’, அதாவது மாலை ரொட்டி. கெட்டியான பழுப்பு ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய், ஊறவைத்த காய். அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள். முதல் வாரம் சோறு இல்லாத இரவு கண்ணில் நீர் வரவைக்கும். வாரத்தில் ஒரு நாள் நான் சமைக்கிறேன் என்று சொல்லுங்கள், சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். தயிரும் அரிசியும் எல்லா ஊரிலும் கிடைக்கும். கொஞ்சம் பெரிய ஊரென்றால் ஈழத் தமிழர் கடை இருக்கிறதா என்று விசாரியுங்கள். முருங்கைக்காய் வரைக்கும் கண்ணில் படும்.

நெய், ஊறுகாய், கறிவேப்பிலை எடுத்துப் போகலாமா?

நெய் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. பால்கோவாவையும் விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, எலுமிச்சை, மாங்காயும் வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து அன்னாசி, வாழை, தேங்காய், டுரியான், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்கள் தவிர மற்ற பச்சைக் காய்கனிகளுக்கு நோயில்லை என்ற சான்றிதழ் கேட்கிறார்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி, புளி, பெருங்காயம் போதும். வீட்டில் அரைத்ததை வெறும் கவரில் போடாமல் நன்றாக ஒட்டிப் பெயர் எழுதி வையுங்கள். குக்கர் எடுத்துப் போவதென்றால் அடுப்பு எது என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினிய குக்கர் சூடாகாது.

குளியலறை எப்படி இருக்கும்?

இதை யாரும் கேட்பதில்லை, நானேதான் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. வாளியும் சொம்பும் வைத்துக் குளித்தால் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஷவரில் குளிக்க வேண்டும், வெளியே சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டு வர வேண்டும். நீளமான முடி உள்ளவர்கள் குழாய் வாயில் சிக்கிய முடியைத் தினமும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு படுப்பதென்றால் தலையணைக்கு மேல் பழைய துண்டு போடுங்கள்.

கழிப்பறையில் காகிதம்தான், தண்ணீர்க் குழாய் இருக்காது. சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று பல வீடுகளில் எதிர்பார்ப்பார்கள். சமையலறைக் குழாயில் வரும் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். மெட்ரோ வாட்டரைக் காய்ச்சிக் குடித்துப் பழகிய கைக்கு முதலில் தயக்கமாக இருக்கும்.

வீட்டு வேலை செய்யச் சொல்வார்களா? என் பையன் தட்டுகூடக் கழுவினதில்லை.

அம்மா, இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அங்கே வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீடு குறைவு. ஹோஸ்ட் அப்பா கழிப்பறை கழுவுவதைப் பையன் பார்க்கப் போகிறான். தன் துணி, தன் அறை, சாப்பாட்டுக்குப் பிறகு மேசை, இவ்வளவாவது அவன் பொறுப்பாக இருக்கும். ஆனால் நாள் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள், வீட்டைப் பெருக்கு என்று ஆரம்பித்தால் அது வேறு விஷயம். தன்னார்வலர் வீட்டு வேலைக்காரர் இல்லை. அப்போது உங்கள் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

குப்பை பற்றித் தனியாகச் சொல்கிறேன். நம் ஊரில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் பழகியிருப்போம். அங்கே குறைந்தது நான்கு: காகிதம், பொட்டல உறை, சமையலறைக் கழிவு, மிச்சம். கண்ணாடிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் நிறம் பார்த்துப் போட வேண்டும், அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்கும். தண்ணீர், கூல்டிரிங்ஸ் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு. கடையில் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். முதல் நாளே எந்தத் தொட்டிக்கு எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாளிக்கலாமா? சாம்பிராணி போடலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீடுகளில் படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி வைப்பது அங்கே சட்டம். மிளகாய் தாளித்த புகை அதற்குப் போதும். சமையலறைக் கதவை மூடி, புகைபோக்கியைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு ஆரம்பியுங்கள். இன்னொன்று, குளிர்காலத்திலும் தினம் இரண்டு மூன்று தடவை எல்லா ஜன்னலையும் சில நிமிடம் அகலத் திறப்பார்கள். வீட்டுக்குள் ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்காமல் இருக்க அது. உங்கள் அறைக்கும் அதே விதிதான்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்கள்?

கடைகள் மூடியிருக்கும். வாஷிங் மெஷின், டிரில் போன்ற சத்தம் வேண்டாம். இரவு 10 மணிக்கு மேலும் அப்படித்தான். நடக்கப் போவார்கள், மாலையில் காபியும் கேக்கும். கூடப் போங்கள். எனக்கு மொழி வந்தது வகுப்பில் இல்லை, அந்த நடையில்தான்.

குளிர் துணி இங்கே வாங்கலாமா?

உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட் இங்கே வாங்குங்கள். கோட்டும் ஷூவும் அங்கே. மார்கழியில் 20 டிகிரிக்கே மஃப்ளர் கட்டும் ஊரில் கிடைக்கும் ஜாக்கெட் அங்கே தாங்காது. பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டே குறைந்த விலைக்குக் கிடைக்கும், பல ஹோஸ்ட் வீடுகளில் பரணில் ஒன்று உங்களுக்காகவே காத்திருக்கும்.

என்ன பரிசு கொண்டுபோவது?

விலை உயர்ந்தது வேண்டாம், அவர்களுக்குச் சங்கடமாகிவிடும். நான் பித்தளை காபி ஃபில்டரும் டபரா டம்ளரும், கால் கிலோ காபித் தூளும் கொண்டுபோனேன். அது பெரிய பேச்சுக்கு வழி திறந்தது. காகிதத்தில் காபி வடிகட்டும் முறையை 1908இல் ட்ரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசிதான் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கதையை ஹோஸ்ட் அம்மா சொல்ல, நான் டிகாக்‌ஷன் இறங்கும் வரை பொறுமையாகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தேன். குழந்தைகள் இருந்தால் பல்லாங்குழி நல்லது. அண்ணா சாலை பூம்புகாரில் பார்க்கலாம். பிறந்தநாள் பரிசென்றால் கவனம்: ஒரு நாள் முன்னாலேயே வாழ்த்தினால் அபசகுனம் என்பார்கள்.

போன் சார்ஜர், பிளக்?

மின்சாரம் இங்கே போலவே 230 வோல்ட். மெல்லிய இரண்டு முள் சார்ஜர் நேராகவே பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது. ரிச்சி தெருவில் ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனதும் ஹோஸ்ட் ஃபேமிலியிடம் கேட்க வேண்டிய காகிதம் ஏதாவது உண்டா?

உண்டு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு தருகிறவர் கையெழுத்திட்ட ஒரு படிவம் தேவை. பதிவில்லாமல் மற்ற வேலைகள் தள்ளிப்போகும். அதோடு, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைக்கு டாக்டர் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஆன்டிபயாடிக் அங்கே சீட்டில்லாமல் கிடைக்காது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 112, போலீஸுக்கு 110.

அந்தக் குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால்? பெண் பிள்ளையை அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. கிளம்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: அறைக்கு உள்பக்கம் பூட்டு உண்டா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சிக்கல் வந்தால் அந்த வீட்டுக்கு வெளியே யாரிடம் பேசுவது. மூன்றுக்கும் நேரான பதில் தராத அமைப்போடு போக வேண்டாம் என்பேன்.

போன பிறகு வரும் உரசலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சாப்பாடு, நேரம், சத்தம், மூடிய கதவு, இதெல்லாம் உட்கார்ந்து பேசினால் தீரும். அங்கே அறைக் கதவைச் சாத்திக்கொள்வது கோபமில்லை, பழக்கம். நீங்களும் தட்டிவிட்டே உள்ளே போங்கள். ஆனால் யாராவது தொடுவது பிடிக்கவில்லை, பேச்சு அசிங்கமாக இருக்கிறது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றால் அதில் பொறுத்துப் போக எதுவும் இல்லை. அன்றே ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். வீடு மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை. என்னோடு வந்த ஒரு பெண் இரண்டாவது வாரமே வீடு மாறினாள். நன்றி கெட்டவள் என்று சொல்வார்களோ என்ற பயத்தில் பத்து நாள் பேசாமல் இருந்தாள். அந்தப் பத்து நாள் அவளுக்கு வேண்டாத சுமை.

வீட்டு ஞாபகம் வந்தால்?

வரும். டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது அதிகம் வரும். வெளிச்சம் இருக்கும்போதே தினமும் வெளியே நடங்கள். அமைப்பு நடத்தும் முகாம்களைத் தவறவிடாதீர்கள். 27 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு 25 நாள் கருத்தரங்கு சட்டப்படி உண்டு. அங்கே உங்கள் நிலையிலேயே இருக்கும் மற்றவர்களைப் பார்க்கலாம். தமிழ் கேட்க வேண்டுமென்றால் ஹாம் நகரத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். ஈழத் தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்ததும் எனக்கு மயிலாப்பூர் ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த தடவை ஹோஸ்ட் அம்மாவையும் கூட்டிப்போனேன்.

சென்னையிலேயே ஏதாவது பழகிக்கொள்ள முடியுமா?

ஒரு மாதம் போதும். சோறு, ரசம், ஒரு பொரியல் நீங்களே தனியாகச் செய்யப் பழகுங்கள். வாரம் இரண்டு இரவு ரொட்டியும் வெள்ளரிக்காயும் மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள். அப்புறம், வீட்டில் யாராவது “இன்னொரு தோசை?” என்றால் வேண்டுமானால் உடனே வேண்டும் என்று சொல்லுங்கள். எல்லாவற்றிலும் இதுதான் கஷ்டமான பயிற்சி.

நாங்கள் பெற்றோர், அந்தக் குடும்பத்தோடு பேசலாமா?

கட்டாயம் பேசுங்கள், பிள்ளை கிளம்பும் முன்பே ஒரு வீடியோ காலில். ஆங்கிலம் வராவிட்டால் பரவாயில்லை, பிள்ளை மொழிபெயர்க்கட்டும். உங்கள் சமையலறையைக் காட்டுங்கள், அவர்களுடையதைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கு என்ன ஒத்துக்கொள்ளாது, எதற்குப் பயப்படும் என்பதைச் சொல்லுங்கள்.

போன பிறகு தினமும் கூப்பிட வேண்டாம். நேரத்தையும் பாருங்கள். கோடையில் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம். நீங்கள் காலை 6 மணிக்குக் காபி போட்டுக்கொண்டே போனை எடுத்தால் அங்கே எல்லாரும் நடு இரவில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு இரவு 8 மணி நம் கணக்கில் சரியாக இருக்கும், அங்கே காபியும் கேக்குமாக எல்லாரும் மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது.